விழுந்தால் எழுப்ப முடியுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சமவெளியில் பிறந்தவர்க்கு வழி காலடியிலேயே கிடக்கிறது. மலையில் பிறந்தவர்க்கோ அது தேடிப் பெற வேண்டிய பொருள். சவ்வாது மலையின் நடுவே அமைந்த எங்கள் ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் தார்ச்சாலை உண்டு. பீமன் அருவியைக் காணவும் கோடை விழாவுக்காகவும் வருவோர் அச்சாலையில் மகிழ்ந்து வந்து மகிழ்ந்து திரும்புகின்றனர். இதே மலையின் காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. அத்துணைப் பெரிய கண்ணாடி ஏறி வந்த மலையில்தான் எங்கள் சிற்றூரும் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர் மண்பாதை. இடையில் இரண்டு ஓடைகள்.

அந்தப் பாதைக்காக ஒரு மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டி வாங்குவதில் என்ன கதை இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம். இறுதிவரை படித்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசி மழையில் எங்கள் ஆயாவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. நீண்ட கம்பில் போர்வையைக் கட்டி டோலி செய்தார்கள். அப்பாவும் மாமாவும் பங்காளிகள் இருவரும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைய மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆயா பிழைத்தாள். ஆனால் வழி நெடுக எங்கள் நெஞ்சில் ஒரே எண்ணந்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாத குறையால் உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்துபோன செய்தியை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். அதைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஆயா வீடு திரும்பிய அன்று அப்பா, "ஒரு வண்டி வாங்கிடணும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டு பருவத்துப் பலாவும் புளியும் சாமையும் விற்ற காசு சேர்ந்தது. அது போதாமல், உழவுக்கு வைத்திருந்த ஒரு சோடிக் காளைகளையும் விற்றார். மொத்தம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. காளைகள் கட்டியிருந்த இடத்தில் இனி வண்டி நிற்கப் போகிறது. அது காளைகளின் வேலையையும் செய்தாக வேண்டும். எந்த வண்டி என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, படித்தவன் என்ற முறையில் என்னிடம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் முன்னமே ஒரு வண்டியைத் தேர்ந்துவிட்டிருந்தது. கடைத்தெருவில் வந்து நிற்கும் வெளியூர் இளைஞர்களின் உயரமான சாகசப் பயண வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். 2016 முதல் 2023 வரை விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 அவற்றுள் ஒன்று. ஒரே சிலிண்டர், 411 சி.சி.; 24 குதிரைத்திறன்; எடை 199 கிலோ. பழைய வண்டியாகத் தேடினால் கைக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது அதன் விலை.

இவ்விடத்தில் ஒரு சிலிண்டரின் சிறப்பைச் சொல்ல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் விசை கொடுக்கும். ஆதலால் இரண்டு சிலிண்டர் எஞ்சினின் வழவழப்பு அதற்கு இல்லை. ஆனால் உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அகலம் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே நல்ல திருப்பு விசை கிடைக்கும். மேட்டில் எஞ்சின் அணையாமல் மெல்ல ஊர்ந்து ஏறலாம். ஹிமாலயன் 411இன் ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர். இதையெல்லாம் தாளில் எழுதி, அப்பாவிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எனினும் காளை வாங்குவதில் அவரை ஏமாற்ற எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொம்பு அழகா இருந்தா மாடு ஏர் இழுத்துடுமா?" என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். "ஓடையில விழுந்தா நீ ஒருத்தனே எழுப்புவியா? ஆயா ஏறி உக்கார முடியுமா? கெட்டுப்போனா ஜமுனாமரத்தூர்லயே சரி பண்ணலாமா?" படுத்த மாடு தானே எழ வேண்டும் என்பது காளை வாங்குவதில் அவருடைய முதல் சோதனை. அதையே வண்டிக்கும் வைத்துவிட்டார்.

அக்கேள்விகள் எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டன. தெரிந்த ஒருவரிடமிருந்து இருநூறு கிலோவை ஒட்டிய கனமுள்ள வண்டி ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தேன். வண்டி நல்ல வண்டி. மேட்டில் யானை போல ஏறிற்று. முதல் ஓடையைக் கடந்தேன். இரண்டாவது ஓடையில் பாசி படிந்த கல்லின்மேல் வேகத்தைக் குறைத்தது என் பிழை. காலை ஊன்றினேன், கால் வழுக்கிற்று, வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. ஈர்ப்பு மையம் சாய்ந்துவிட்ட பின் அதைத் தடுக்க என் அறுபது கிலோவால் இயலவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். கைப்பிடியைப் பற்றி இழுத்தேன். கல்லில் கால் நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மாடு மேய்க்க வந்த இருவர் கைகொடுத்த பிறகே வண்டி எழுந்தது. பின்னால் ஆயா இருந்திருந்தால்? இரவாக இருந்திருந்தால்? உடல் நனைந்ததைவிட அந்த நினைப்பே என்னை அதிகம் நடுக்கிற்று.

அன்றிரவு என் தாளைத் திரும்ப எடுத்தேன். முன்பு திறனை மட்டும் ஒப்பிட்டவன், இப்போது திறனை எடையால் வகுத்துப் பார்த்தேன். 24 குதிரைத்திறனை 199 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 0.12. 2019இல் அறிமுகமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டிக்குத் திறன் ஏறத்தாழ 18, எடை ஏறத்தாழ 157 கிலோ, கிலோவுக்கு 0.11. நான் மலையளவு என்று எண்ணியிருந்த வேறுபாடு கடுகளவாகச் சுருங்கிற்று. ஓட்டுபவன் எடையையும் சேர்த்தால் வேறுபாடு சற்றே கூடும், அதை மறைக்கவில்லை. ஆனால் தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி இரண்டுக்கும் 220 மில்லிமீட்டர். முன்சக்கரம் இரண்டுக்கும் 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் முழுவதும் இறங்காமல் விளிம்பின்மேல் உருண்டு போய்விடும். சிறிய சக்கரம் அதே பள்ளத்தில் முட்டி நிற்கும். கம்பிச் சக்கரம் கல்லில் மோதினால் பெரும்பாலும் நெளியுமே தவிர உடைந்து போகாது. மண்பாதைக்கு வேண்டிய குணங்கள் இரண்டிலும் இருந்தன. எழுப்ப வேண்டிய எடையில் மட்டும் நாற்பது கிலோ வேறுபாடு. அது ஏறக்குறைய ஒரு சாமை மூட்டை.

அப்படியானால் இன்னும் இலேசான வண்டி ஏன் கூடாது என்று மாமா கேட்டார். அவரிடம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 இருக்கிறது. 99.7 சி.சி. கொண்ட அதுவும் ஒற்றைச் சிலிண்டரே. எடை சுமார் 90 கிலோ. எங்கள் மலையில் மூட்டை சுமப்பதும், பால் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவதும் பெரும்பாலும் இத்தகைய எளிய வண்டிகள்தாம். சாகசப் பயணம் என்ற பெயரை அறியாமலே அவை அன்றாடம் அதைச் செய்கின்றன. வாரத்தில் ஆறு நாளைக்கு மாமாவின் வண்டியே போதும். ஏழாம் நாள் ஓடையில் தண்ணீர் ஏறும், பாதை சேறாகும், சிறு சக்கரம் புதையும். ஆயாவுக்கு நோய் வருவது அந்த ஏழாம் நாளில்தான்.

எனவே நடுத்தர எடையில், உரியவர் கைமாற்றிய எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைச் சென்ற கோடை விடுமுறையில் வாங்கினோம். விலை பேசுவதற்கு முன் அப்பா சொன்னபடி வண்டியைப் புல்தரையில் படுக்க வைத்தேன். விற்றவர் திகைத்தார். கைப்பிடியை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, முதுகை இருக்கையில் பதித்து, கால்களால் உந்தி எழுப்பினேன். எழுந்தது. அப்பா தலையசைத்தார்.

முதல் கேள்வி தீர்ந்தது. இரண்டாவது எளிதில் தீரவில்லை. இருக்கையின் உயரம் 823 மில்லிமீட்டர், ஆயாவின் இடுப்பளவு! அதற்கும் அப்பாவே வழி கண்டார். வாசலில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டார். அதன்மேல் நின்று ஆயா ஏறுவாள். புடவை சக்கரத்தில் சிக்காதபடி காக்கும் கம்பி வலையை, முந்தைய உரிமையாளர் அழகு கருதிக் கழற்றி வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி மீண்டும் பூட்டினோம். மூன்றாவது கேள்விக்கு விடை நான் பழகிக்கொண்ட வேலைகள். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவேன். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வேன். கம்பிகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை முறுக்குவேன். ட்யூபுக்கு நானே பஞ்சர் ஒட்டுவேன். பெரிய பழுதுக்கு மட்டும் கடைத்தெரு மெக்கானிக் அண்ணன்.

சென்ற கார்த்திகையில் அந்த ஏழாம் நாள் வந்தது. நள்ளிரவில் ஆயாவுக்கு மீண்டும் மூச்சு முட்டிற்று. தட்டைக் கல்லில் ஏற்றி, என் பின்னால் அமர்த்தி, அம்மாவின் பழைய புடவையால் அவளை என் முதுகோடு கட்டினார்கள். அப்பாவும் மாமாவும் எக்ஸ்.எல்.லில் பின்தொடர்ந்தார்கள். இரண்டாவது ஓடையில் தண்ணீர் முழங்காலளவு. மூச்சிழுக்கும் குழாய்க்குள் நீர் புகுந்தால் எஞ்சின் கெடும். காற்றைப்போல் நீரை அமுக்க முடியாது, இணைப்புத் தண்டே வளைந்துவிடும். ஆகையால் ஆயாவை இறக்கினோம். மாமா அவளைத் தோளில் சுமந்து கடந்தார். நான் முதல் கியரில் மெல்லச் சென்றேன். அதே பாசிக் கல், அதே வழுக்கல். வண்டி சாய்ந்தது. சாயும்போதே எஞ்சினை அணைத்தேன். அப்பா அக்கரையில் ஆயாவைத் தாங்கிக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை, வர வேண்டியும் இருக்கவில்லை. முதுகைப் பதித்தேன், உந்தினேன், வண்டி எழுந்தது. இரண்டாம் முறை பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உயிர் பெற்றது.

வீட்டை விட்டுப் புறப்பட்ட ஐம்பதாவது நிமிடம் ஆயா சுகாதார நிலையத்துக் கட்டிலில் இருந்தாள். விடிந்ததும் கண் திறந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு அடி பட்டுச்சாடா?" என்பது.

நண்பர்களே! நீங்களும் ஒரு நாள் வண்டி வாங்குவீர்கள். சி.சி. எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கேளுங்கள், தவறில்லை. அதற்கு முன் அப்பாவின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நம் வலிமைக்கும், நம்மை நம்பி ஏறுகிறவர் உயரத்துக்கும், நம் ஊரின் வசதிக்கும் பொருந்துவதே நல்ல வண்டி.

எங்கள் சிற்றூருக்கும் ஒரு நாள் தார்ச்சாலை வரும். ஓடைகளின்மேல் பாலம் வரும். ஆம்புலன்ஸ் எங்கள் வாசல்வரை வந்து நிற்கும். அன்று இந்த வண்டிக்கு வேலை குறைந்துவிடும். அந்நாள் விரைவில் வர வேண்டும் என்பதே, அந்த வண்டியை உயிராக நேசிக்கும் என்னுடைய விருப்பம்.