ஓலைக்கு அடியில் ஒரு விண்மீன்

பிரெஞ்சு இந்தியாவின் தமிழ்ப் படைவீரர்கள் பெற்ற பதக்கங்களை ஆராய வருபவர், பிரித்தானியப் பதக்கங்களில் பழகிய கண்ணோடு வந்தால் முதல் நாளே தடுமாறுவார். முதல் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய 36 மில்லிமீட்டர் வெள்ளிப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் யாரேனும் பெயரை மாற்றியிருந்தால், பழைய எழுத்தை அராவிய இடத்தில் விளிம்பு தாழ்ந்து, சுற்றளவு குறைந்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும்போது அழிந்த எழுத்தின் சுவடு தெரிந்துவிடும். பிரெஞ்சுப் போர்ச் சிலுவையிலோ பெயரே இல்லாததால், அழிக்கவும் திருத்தவும் அங்கே எதுவும் இல்லை.

1915 ஏப்ரல் 8ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பட்டு, சிற்பி பர்த்தொலொமே வடிவமைத்த ‘க்ருவா தெ கேர்’ என்னும் இந்தச் சிலுவை வெண்கலத்தால் ஆனது. அதைப் பெறும் உரிமை படை ஆணையில் இடம்பெறும் பாராட்டால் வருவது. சிலுவையையோ கடையில் வாங்கிக்கொள்ள முடியும்; பாரிஸின் பலே ரொயால் பக்கத்துப் பதக்கக் கடைகள் அந்த வழக்கத்தால் வாழ்ந்தவை. பாரிஸ் நாணயச் சாலையில் 1880 முதல் அடிக்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பில் காணப்படும் வளக்கொம்பு முத்திரையும், வெள்ளிச் சிறுபொருள்களில் 1838 முதல் குத்தப்பட்ட காட்டுப்பன்றித் தலை முத்திரையும், பொருள் எங்கே, எதனால் செய்யப்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, யார் மார்பில் எதற்காக ஏறியது என்பதைச் சொல்லமாட்டா. பாரிஸ் புறநகர்களான ஸ்தேன், சேன்-தெனி பகுதிகளில் வாழும் புதுச்சேரி, காரைக்கால் ‘சொல்தா’ குடும்பத்தார், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வழிவந்தவர்கள், தாத்தாவின் பதக்கத்தைப் பாரிஸின் லா சப்பேல் நகைக்கடையில் காட்டி “வெள்ளிதானா?” என்று கேட்பதும், உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக் கடைக்காரர் தலையசைத்ததும் உண்மை நிலைநாட்டப்பட்டதாக நம்பித் திரும்புவதும் பதக்கங்களை மதிப்பிடும் தொழிலில் இருப்போரை மிகவும் வருத்தும் காட்சிகள்.

தேர்ந்த கண்ணையும் பல ஆண்டுகள் அலைக்கழிக்கும் சிக்கல் போலிச் சிலுவை அன்று. வார்ப்பில் எடுத்த போலி, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடச் சிறுத்து, கோடுகள் மழுங்கி, தளத்தில் நுண்குழிகளோடு வெளிவரும். உண்மையான சிக்கல், ஒவ்வோர் உறுப்பும் அசலாக இருந்து, சேர்க்கை மட்டும் பொய்யாக இருப்பது. சிலுவையின் நாடாவில் குத்தப்படும் சின்னமே பாராட்டின் தரத்தைக் காட்டுவது: வெண்கல விண்மீன் படையணி அல்லது பிரிகேட் அளவிலான பாராட்டையும், வெள்ளி விண்மீன் டிவிஷன் அளவிலானதையும், பொன்முலாம் பூசியது கோர் அளவிலானதையும், ‘பால்ம்’ எனப்படும் வெண்கல ஓலை முழுப் படையின் பாராட்டையும் குறிக்கும். விண்மீனைக் கழற்றிவிட்டு அதே காலத்து ஓலையை அங்கே குத்திவிட்டால் சிலுவை அசல், ஓலை அசல், நாடாவும் அசல்; வீரரின் தகுதி மட்டும் பல படிகள் உயர்ந்துவிடுகிறது.

இங்கே சாட்சி சொல்லக்கூடியது நாடா ஒன்றே. பச்சைத் தரையில் சிவப்புக் கோடுகள் ஓடும் அந்தத் துணி வெளிச்சத்தில் வெளுத்துக்கொண்டே வரும்போது, சின்னம் மறைத்த இடம் மட்டும் முதல் நாள் நிறத்தோடு தங்கிவிடுகிறது. ஓலையின் பின்கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துப் பார்த்தால், ஓலையின் நீண்ட வடிவத்துக்குப் பதிலாக ஐந்து முனைகளோடு ஒரு சிறு கரும்பச்சைத் திட்டு தென்படும்; பக்கத்தில் பழைய காலின் துளை, இழைகள் விலகியபடி, வெண்கலக் களிம்பின் பச்சைக் கறையோடு நிற்கும்; ஓலையின் புதுத் துளைகளைச் சுற்றிக் கறையே இராது. இதைப் படத்தில் காண முடியாது. நாடாவைப் புரட்டி, உருப்பெருக்கியை வைத்து, இழையை எண்ணும் பொறுமை வேண்டும். 1893இல் நிறுவப்பட்ட காலனிப் பதக்கத்தின் நாடாவில் ஏறும் ‘அக்ராஃப்’ என்னும் போர்க்களப் பெயர்ப்பட்டைகளையும் இந்த முறையிலேயே சோதிக்க வேண்டும்.

மாற்றம் எல்லாமே மோசடி ஆகிவிடாது. கணவர் இறந்தபின் மனைவி பத்தரிடம் கொடுத்து வளையம் ஒட்டவைத்துப் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்திருந்தால், அந்தப் பற்றாசு குடும்பத்தின் வரலாறு. அதைச் சுரண்டி எடுத்து ‘அசல் நிலைக்கு’க் கொண்டுவருவதே பிழை. விற்பனைக்காக ஓலை ஏற்றியவரோ இறந்தவரின் பெயரில் பொய் சொல்கிறார். இவ்விரண்டையும் ‘மாற்றப்பட்டது’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும் இன்றைய மதிப்பீட்டுச் சீட்டுகள் வெட்கத்துக்குரியவை. கைப்பேசியில் வந்த இரண்டு படங்களைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதும் புதிய தலைமுறை, பதக்கத்தின் பின்புறத்தைக்கூடக் கேட்டு வாங்குவதில்லை. இராணுவப் பதக்கமாகிய ‘மெதாய் மிலித்தேர்’ மீதுள்ள 1870 என்ற எண், மூன்றாம் குடியரசு பிறந்த ஆண்டைக் குறித்து 1951 வரை பொறிக்கப்பட்டது என்பதறியாமல், அதையே பதக்கம் வழங்கிய ஆண்டாக எழுதிய சீட்டுகளும் உலவுகின்றன. முன்பு இத்தொழிலைக் கற்க வந்தவர் ஆண்டுக்கணக்கில் நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வருபவர் விலைப்பட்டியலில் தொடங்குகிறார்.

வீடுகளிலும் சாட்சியம் அன்போடு அழிக்கப்படுகிறது. ஜூலை 14, நவம்பர் 11 அணிவகுப்புகளுக்கு முன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்ததால் முத்திரை மழுங்கிய பதக்கங்கள் பல. கிழிந்த நாடா அழகில்லை என்று புது நாடா மாற்றியவை அவற்றினும் பல. புதிய செயற்கை இழை புற ஊதா விளக்கின்கீழ் பளீரென்று நீலமாய் ஒளிர்வதால் மாற்றியது தெரிந்துவிடும். பழைய நாடா என்ன சொல்லியிருக்கும் என்பது மட்டும் இனி ஒருபோதும் தெரியாது.

ஆகவே பதக்கம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: துடைக்க வேண்டாம், நாடாவை மாற்ற வேண்டாம், கழன்ற சின்னத்தைத் திருப்பிக் குத்தவும் வேண்டாம். பதக்கத்தோடு கிடந்த தாள் எதுவானாலும், எழுத்து மங்கியிருந்தாலும், அதைத் தனி உறையில் இட்டு வைக்க வேண்டும். அதிலுள்ள படைப்பதிவு எண் ஒன்று கிடைத்தால், வேன்சேன் இராணுவ ஆவணக் காப்பகத்திலோ எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள காலனி ஆவணக் காப்பகத்திலோ அந்த வீரரின் பாராட்டுரையைத் தேடத் தொடங்கலாம்.