பிந்திய திருத்தம்

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய நாளிதழின் மகளிர் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். கர்ப்பிணிகள் நாள்தோறும் வயிற்றில் தேங்காயெண்ணெய் பூசிவந்தால் பிரசவக் கோடுகள் விழா என்பது அதன் சாரம். ஆதாரம் தேடவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதே போதுமென எண்ணினேன்.

அண்மையில் கனடாவிலிருக்கும் என் மகள், பிள்ளை பெற்று மூன்று மாதமானவள், தாயுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா அந்த நாளிலயே எழுதினவரெல்லோ அம்மா. நான்தான் ஒழுங்காய்ப் பூசேல்லை" என்று அவள் தன்னை நொந்துகொண்டது என் காதில் விழுந்தது. மனம் சுருக்கென்றது.

அதன் பின்னரே தேடி வாசித்தேன். கொக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மீளாய்வு, 800 பெண்கள் பங்குபற்றிய 6 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. ஒலிவ் எண்ணெய், கொக்கோ வெண்ணெய் உள்ளிட்ட பூச்சுகள் இக்கோடுகளைத் தடுக்கும் என்பதற்கு உயர்தரச் சான்று எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு. கோடு விழுவது தோலின் மேற்பரப்பில் அன்று. உட்படையிலுள்ள இழைகள் இழுபட்டுச் சிதைவதாலேயே அது தோன்றுகிறது. பரம்பரைக்கும் அதிற் பங்குண்டு. எண்ணெய் வறட்சியைத் தணிக்கும், தோலை மென்மையாக்கும். அதற்காகப் பூசலாம். சிவந்த கோடுகளோ காலப்போக்கில் தாமாகவே வெளிறும்.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாளே திருத்தம் வெளியிடுவோம். இத்திருத்தம் மிகவும் பிந்திவிட்டது. மகளே, குறை உன்னுடையதன்று, எழுதியவனுடையது.