யாருக்கு ரவா தோசை?

நான் ஒரு பெரியவரைப் பொய்யர் என்று சொல்லியிருக்கிறேன். நேருக்கு நேர் அல்ல, அவ்வளவு தைரியம் கிடையாது. இங்கிலீஷில், மிக மரியாதையாக, 'டியர் சார், அஸ் பெர் அவர் ரெக்கார்ட்ஸ்...' என்று ஆரம்பித்து ஈமெயிலில் சொன்னேன். யாராவது உங்களுக்கு 'அஸ் பெர் அவர் ரெக்கார்ட்ஸ்' என்று எழுதினால், 'நீர் புளுகுகிறீர்' என்பதை ஆபீஸ் பாஷையில் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

2022-ல் நடந்தது. நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி ஆன்லைனில் பஸ் டிக்கெட் விற்றது. பெரியவர் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். மனைவிக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றதும் கேன்சல் செய்துவிட்டார். 1,840 ரூபாய் திரும்ப வரவேண்டும். 'வரவில்லை' என்று எழுதினார். கம்ப்யூட்டர் லாகைத் திறந்து பார்த்தேன். அவருடைய புக்கிங் நம்பர் போட்டு, தேதி போட்டு, நொடி சுத்தமாக நேரம் போட்டு, 'ரீஃபண்ட் சக்சஸ்' என்று ஒரு வரி இருந்தது. அப்புறம் என்ன? அஸ் பெர் அவர் ரெக்கார்ட்ஸ்!

பத்து நாள் கழித்து ஆபீஸ் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பாஸ்புக். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, நாலு தடவை பாங்குக்குப் போயிட்டேன். வரலைங்கறாங்க. நீங்க அனுப்பியாச்சுங்கறீங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. வயசாச்சு இல்லையா... பணம் வந்து, செலவும் பண்ணிட்டு, மறந்துட்டேனோ என்னவோ. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

பாஸ்புக்கைப் புரட்டினேன். கடைசி என்ட்ரி வரை பார்த்தேன். 1,840 இல்லை. எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. பாஸ்புக் ஒன்று சொல்கிறது, என் லாக் இன்னொன்று சொல்கிறது. ரெண்டில் ஒன்று பொய். பாங்கு பிரின்டருக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?

இந்த இடத்தில் லாக் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பூட்டு அல்ல. இது கப்பல்காரர்களின் வார்த்தை. அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். இவ்வளவு நேரத்தில் எத்தனை முடிச்சு கையைவிட்டு ஓடியது என்று எண்ணி நோட்டில் எழுதுவார்கள். கட்டைக்கு இங்கிலீஷில் லாக். எழுதின நோட்டும் லாக் புக் ஆகிவிட்டது. சாஃப்ட்வேரும் அப்படித்தான். ஒவ்வொரு காரியம் செய்யும்போதும் 'இத்தனை மணிக்கு இதைச் செய்தேன்' என்று ஒரு வரி எழுதி வைக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது புட்டுக்கொண்டால், காலையில் நாங்கள் விசாரிக்கக் கிடைக்கிற சாட்சி அதுதான்.

கப்பலில் ஒரு வசதி. நோட்டு ஒன்று, கப்பலும் ஒன்று. எங்கள் சர்வரில் ஒரே நொடியில் நூறு பேர் காரியம் நடக்கும். 'ரீஃபண்ட் சக்சஸ்' என்று மொட்டையாக எழுதி வைத்தால் யாருக்கு சக்சஸ்? அதனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அது யாருடைய காரியம் என்று புக்கிங் நம்பரை முத்திரை குத்துவோம். இந்த யோசனை புதுசல்ல. நீல் ஹாரிசன் என்பவர் இதையெல்லாம் முறைப்படுத்தி எழுதியது 1997-ல் புத்தகத்தில் வந்தது. ஜாவாக்காரர்களின் 'லாக்ஃபோர்ஜே' அதைப் பின்பற்றியது.

இனி சர்வர் கதை. நம் ஊரில் சர்வர் என்றால் தோசை கொண்டுவருகிறவர். இந்த ஜோக் பழசு என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்ததை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஹோட்டலில் டேபிளுக்கு ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் ஆர்டர் வாங்குவார். சட்டைப் பையில் 'டேபிள் 7' என்று ஒரு சீட்டு வைத்துக்கொள்வார். நேரே அடுப்படிக்குப் போய், தோசை வேகும்வரை கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார். வெந்ததும் பையைத் தொட்டுப் பார்த்து, டேபிள் 7-க்குக் கொண்டுவருவார். தப்பே நடக்காது. பழைய சர்வர் சாஃப்ட்வேர்கள் பல இப்படித்தான். இந்த ஆளுக்கு 'த்ரெட்' என்று பெயர். சட்டைப் பைக்கு 'த்ரெட் லோக்கல்'. ஜாவாவில் இந்தப் பை 1998-லேயே வந்துவிட்டது. பைத்தானில் 2004-ல்.

கஷ்டம் என்னவென்றால், இருநூறு பேர் சாப்பிட வந்தால் இருநூறு சர்வர் வேண்டும். அதில் நூற்றித் தொண்ணூறு பேர் சும்மா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் கேஸில் தோசைக்கல் என்பது பாங்கு. பணம் அனுப்பச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். மூன்று நொடி ஆகும், நாலு நொடி ஆகும்.

கெட்டிக்கார முதலாளி என்ன செய்வார்? ஒரே சர்வரை வைத்துக்கொள்வார். அவர் ஏழாம் டேபிளில் ஆர்டர் வாங்கி, "ஒரு ரவா!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, நிற்காமல் எட்டாம் டேபிளுக்குப் போவார். தோசை வெந்ததும் மாஸ்டர் கூப்பிடுவார். அப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் அசின்க்ரனஸ். 2009-ல் ரயன் டால் என்பவர் செய்த நோட் ஜேஎஸ் இதனால்தான் புகழ்பெற்றது. பைத்தானுக்கு 2014-ல் 'அசின்க்-ஐஓ' வந்தது. மறுவருஷம் 'அவெய்ட்' என்ற வார்த்தையும் சேர்ந்தது. 'அவெய்ட்' என்றால், 'இது வேகட்டும், நான் அதுவரை வேறு டேபிளைப் பார்க்கிறேன்.'

நாங்களும் கெட்டிக்கார முதலாளி ஆனோம். பெரியவர் டிக்கெட்டை கேன்சல் செய்வதற்கு மூன்று மாதம் முன்னால் ரீஃபண்ட் சர்வரை அசின்க்காக மாற்றி எழுதினோம். எல்லாவற்றையும் மாற்றினோம், ஒரே ஒரு ஃபைலைத் தவிர. லாக் எழுதுகிற ஃபைல். இருபதே வரி. பத்து வருஷமாக ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை. 'நல்லா ஓடறதை ஏன் தொடணும்?' என்று அப்படியே தூக்கி வைத்தேன். அந்த இருபது வரியை எழுதின மகானுபாவர் வேறு யாருமில்லை. நான்தான்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்தது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நான் லாகை முன்னும் பின்னும் புரட்டி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கேட்டாள்:

"சார், இதை எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"

"ஒரு ரீஃபண்ட் அனுப்பினேன். லாகிலே சரியா வந்தது."

"ஒரே ஒரு ஆள் சாப்பிட்டா சரியாத்தான் சார் வரும். ரெண்டு பேரை உட்கார வைங்க."

உட்கார வைத்தாள். முதல் ரீஃபண்டுக்கு பாங்கு பதிலை மூன்று நொடி தாமதம் செய்தாள். அதற்குள் இரண்டாவது ரீஃபண்டை அனுப்பினாள். லாகைத் திறந்தோம். முதல் ஆளுக்குப் பணம் ஒழுங்காகப் போயிருந்தது. ஆனால் லாகில் 'சக்சஸ்' என்ற வரி இரண்டாவது ஆள் பெயரில்!

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. அவ்வளவு டேபிளுக்கும் ஒரே சர்வர். அவருக்கு ஒரே சட்டைப் பை. ஏழாம் டேபிளின் சீட்டைப் பையில் வைத்தார், குரல் கொடுத்தார், எட்டாம் டேபிளுக்குப் போனார். அங்கே 'டேபிள் 8' என்று புதுச் சீட்டு வைத்தபோது பழைய சீட்டு போய்விட்டது. ஏழாம் டேபிள் தோசை வெந்தது. பையைத் தொட்டுப் பார்த்தார். 'டேபிள் 8.' சத்தியமாக அப்படித்தான் எழுதியிருக்கிறது!

தோசை சரியான டேபிளுக்குத்தான் போயிற்று. அதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. கணக்கு நோட்டில்தான் தப்பான டேபிள். பெரியவருடைய ரீஃபண்டை பாங்கு திருப்பி அனுப்பியிருந்தது. அந்த 'ஃபெயில்' வரி யாரோ ஒருவர் தலையில் எழுதப்பட்டது. வேறு யாருக்கோ போன 'சக்சஸ்' இவர் தலையில்.

வைத்தியம் சின்னதுதான். சீட்டு சர்வருடையது அல்ல, ஆர்டருடையது. இதை பைத்தான்காரர்கள் முன்னாலேயே யோசித்துவிட்டார்கள். யூரி செலிவானோவ் என்பவர் முன்மொழிந்து, 2018-ல் பைத்தான் 3.7-ல் 'கான்டெக்ஸ்ட் வேர்ஸ்' என்று ஒன்று வந்தது. ஒரு காரியம் ஆரம்பிக்கும்போதே அதற்கென்று ஒரு சீட்டு. சர்வர் அந்தக் காரியத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அந்தச் சீட்டு அவர் பைக்குள் வந்துவிடும். அதைவிட்டு நகர்ந்தால் சீட்டும் பையைவிட்டுப் போய்விடும். நோட் ஜேஎஸ்ஸில் இதே வேலைக்கு 2020-ல் 'அசின்க் லோக்கல் ஸ்டோரேஜ்' வந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் புக்கிங் நம்பரைக் கையிலேயே கொடுத்தனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம். நூறு ஃபங்ஷனில் ஒன்று வாங்க மறந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

நாலு வரி மாற்றினோம். அதன்பிறகும் சில வரிகளில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் வந்தது. தேடினால், ரசீது தயாரிக்கிற கனமான வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளியிருந்தோம். அடுத்த கடைக்கு ஆளை அனுப்பிவிட்டு, சீட்டைக் கொடுக்க மறந்த மாதிரி. பழைய 'ரன் இன் எக்ஸிக்யூட்டர்' சீட்டை எடுத்துப்போகாது. 2020-ல் பைத்தான் 3.9-ல் வந்த 'டு த்ரெட்' எடுத்துப்போகும். அதையும் மாற்றினோம்.

கோட்டைப் பார்த்ததும் எரிச்சல்பட்டேன். அந்தப் பெண்தான் சொன்னாள்: "கோடு வந்தா பரவாயில்லை சார். 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்றது. முன்னாடி அது தெரிஞ்ச மாதிரி பொய் சொல்லிச்சே!"

சாஃப்ட்வேரைச் சரிசெய்ய அரை நாள் ஆனது. மூன்று மாத லாகைச் சரிசெய்ய முடியவே முடியாது. அதில் எந்த வரி நிஜம், எந்த வரி பொய் என்று லாகே சொல்லாது. கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதியது நிஜம், கூட்டத்தில் எழுதியது குழப்பம். பாங்கிலிருந்து ஸ்டேட்மென்ட் வாங்கி, ஸ்கேலை வைத்து, வரி வரியாக டிக் அடித்தோம். மூன்று நாள். பெரியவரைப் போல இன்னும் ஒன்பது பேர். அதில் நாலு பேருக்கு நான் 'அஸ் பெர் அவர் ரெக்கார்ட்ஸ்' எழுதியிருந்தேன். மற்ற ஐந்து பேர் கேட்கவே இல்லை. 'போனால் போகிறது' என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அல்லது, வாங்கிவிட்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

பெரியவர் வீட்டுக்கு நானே போனேன். பணம் அன்று காலையே அவர் கணக்கில் ஏறிவிட்டது. அதைச் சொல்ல போன் போதும். ஆனால் சொல்ல வேண்டியது அது மட்டும் அல்லவே.

"சார், உங்களுக்கு மறதி இல்லை. நீங்க சொன்னதுதான் சரி. எங்க கம்ப்யூட்டர் வேற ஒருத்தருக்கு நடந்ததை உங்க பேர்ல எழுதிடுச்சு. அதை எழுத வச்சது நான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "கேட்டியா? எனக்கு மறதி இல்லையாம்!" என்றார். உள்ளே கட்டிலிலிருந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்த அம்மா சொன்னார்: "கண்ணாடியை எங்க வெச்சீங்கன்னு அந்தத் தம்பிகிட்டயே கேளுங்க!" பெரியவர் சிரித்தார். எனக்கு டபரா நிறையக் காபி வந்தது. அதற்கு நான் தகுதியா என்று தெரியவில்லை. குடித்தேன்.

அதற்குப்பிறகு ஒன்றிரண்டு பழக்கம் மாறியிருக்கிறது. எதை டெஸ்ட் செய்தாலும் ரெண்டு பேரை உட்கார வைக்கிறேன். 'அஸ் பெர் அவர் ரெக்கார்ட்ஸ்' எழுதுவதில்லை.

போன வாரம் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். எல்லா டேபிளுக்கும் ஓடிக்கொண்டிருந்த சர்வர், கையில் தட்டோடு வந்து நின்று கேட்டார்:

"ரவா யாருக்கு சார்?"

"இப்பத்தானே சொன்னோம், அதுக்குள்ள மறந்துட்டாரா?" என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

"சும்மா இரு, தெரியலைன்னா கேட்கிறார் பாரு. பெரிய மனுஷன்!" என்றேன்.

ரவா தோசை எனக்குத்தான். டிப்ஸ் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.