செப்டம்பரில் வரும் கீச்சான்

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால, காம்பவுண்ட் சுவர் ஓரமா இலந்தையும் உடைமுள்ளும் மண்டிக் கிடக்குதே, அந்த இடத்தை நீங்க எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா காலையில் லேபுக்குப் போகும்போது அந்தப் பக்கத்திலிருந்து 'ட்ச்ர்ர்ர்' என்று கரகரப்பான சத்தம் கட்டாயம் காதில் விழுந்திருக்கும். ஒரு பறவை ஏரியாவுக்கு உரிமை கொண்டாடும் சத்தம் அது.

பேர் பழுப்புக் கீச்சான். பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம் என்பதால் எனக்கு முதலில் 'பிரவுன் ஷ்ரைக்' என்றுதான் தெரியும். கீச்சான் என்ற பேரைக் கேட்டதும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சிட்டுக்குருவியை விடப் பெரிசு, மைனாவை விடச் சின்னது. எடை 30 கிராம் சொச்சம்தான். முதுகு பழுப்பு, வால் செம்பழுப்பு, வயிறு வெளுப்பு. கண் வழியா கறுப்புப் பட்டை ஒன்று ஓடும், திருடன் முகமூடி கட்டின மாதிரி. அதுக்கு மேலே வெள்ளைப் புருவம். பெண் பறவைக்கு விலாப்பக்கம் மெல்லிய செதில் கோடுகள் தெரியும்.

பறவையியல்படி இது காகம், குருவி எல்லாம் இருக்கும் பாடும் பறவை வரிசையைச் சேர்ந்தது. செய்வதோ பருந்து வேலை. வெட்டுக்கிளி, புழு, ஓணான் குட்டி, சில சமயம் சின்னப் பறவை என்று எதையும் விடாது. சிக்கல் என்னன்னா, பருந்துக்கு இருக்கிற மாதிரி இரையை அழுத்திப் பிடிக்கும் வலுவான நகம் இதுக்குக் கிடையாது. கிளையில் உட்காரத்தான் அந்தக் கால். கொக்கி மாதிரி வளைந்த அலகு மட்டும் இருக்கு, அதில் பல் போல ஒரு மேடு.

பிடிக்க வைஸ் இல்லாம ஃபைலிங் பண்ணச் சொன்னா நாம என்ன செய்வோம்? கீச்சான் இரையை முள்ளில் குத்தி மாட்டிவிடும். முள் பிடிச்சுக்கும், அலகால் கிழித்துச் சாப்பிடும். மிச்சம் அங்கேயே தொங்கும். இந்தப் பேரினத்துக்கு லத்தீனில் 'கசாப்புக்காரன்' என்று பொருள்படும் லேனியஸ் என்ற பேரை வைத்ததும் அதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் இதோட சொந்தக்காரப் பறவை ஒன்றை ஹை ஸ்பீட் கேமராவில் படம்பிடித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எலியின் கழுத்தைக் கவ்வி நொடிக்கு 11 தடவை உதறுகிறது. எலி உடம்பின் முடுக்கம் 6 ஜி. பின்னாலிருந்து கார் இடிச்சா நம்ம கழுத்துக்கு வர்ற அடி மாதிரி. டைனமிக்ஸ் வகுப்பில் இதை உதாரணமா சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்.

சரி, ஊர் எது? சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிர் தொடங்குமுன் கிளம்பி, ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று பிரிந்து வரும். தைவானின் தென்முனையில் ஹெங்சுன் பகுதியில் ஒரு காலத்தில் மூங்கில் பொறி வைத்துக் கூட்டம் கூட்டமா பிடித்துச் சுட்டு விற்றார்கள். இப்போ அங்கே சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

வந்ததும் தனித்தனியா இடம் பிடிக்கும். முதல் சில நாள் ஓயாம கத்துவது அதுக்குத்தான். ஏப்ரல் வரை அந்தத் துண்டு நிலத்தில்தான் குடியிருப்பு. அடுத்த வருஷமும் அதே இடம்! ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, கூகுள் மேப் இல்லாம, அதே புதருக்கு. நானும் மூணு வருஷமா அந்தச் சுவர் மேல இருக்கும் கம்பியில் ஒரு கீச்சானைப் பார்க்கிறேன்.

இதை எழுதக் காரணம், மே லீவில் அங்கே ஜேசிபி வரப்போகுது. பைக் பார்க்கிங். 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்கிறார்கள். பார்க்கிங் நமக்குத் தேவைதான், வெயிலில் சீட் கொதிக்கிறது எனக்கும் தெரியும். ஆனா சுவரை ஒட்டி நாலு மீட்டர் அகலத்துக்குப் புதரை விட்டுட்டு ஷெட் போட முடியும். நாங்க மூணு பேர் டேப் வைத்து அளந்துட்டோம். ஒன்பது பைக் இடம்தான் குறையும். பிளானோடு ஒரு மனுவும் எழுதியிருக்கோம்.

நான் மே மாசம் கிளம்பிடுவேன். செப்டம்பரில் இங்கே இருக்கப்போவது நீங்க. இந்த வாரம் காலை ஏழு மணிக்கு ஒர்க்‌ஷாப் பின்பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்க, கம்பியில் இருக்கும். இலந்தை முள்ளில் வெட்டுக்கிளி தொங்குதான்னும் தேடுங்க. மனு லைப்ரரி வாசல் மேஜையில் இருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும்.