பிறப்பால் வராத கைத்திறன்

இந்திய அரசு 1950ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, மக்கள் ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களை நிறுவத் தலைப்பட்டபோது, தொழிற்சாலைகளுக்குத் தேர்ந்த தொழிலாளரை அளிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் இரும்பையும் மரத்தையும் கையாளும் திறன் குறிப்பிட்ட குடும்பங்களுக்குள்ளேயே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டிருந்த சமூகத்தில், உரிய பள்ளிப்படிப்பும் ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்தால் எவரும் அதைக் கற்கலாம் என்றானது அந்த நோக்கத்தைவிடப் பெரிய விளைவாகும். அவ்விளைவை அன்றாடம் நடத்திக் காட்டுபவர் பயிற்றுநர் எனப்படும் தொழிற்கல்வி ஆசிரியர். தந்தை பதினைந்து ஆண்டுகள் உடன் வைத்துப் பழக்கியதை, நேற்றுவரை சுத்தியலைத் தொட்டறியாத அயலார் பிள்ளைக்கு அவர் இரண்டே ஆண்டுகளில் பழக்கியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்றாலே எழும் தயக்கத்துக்கு வரலாறு உண்டு. கிராமப்புறத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஒரு வேளை பள்ளியிலும் மறுவேளை பெற்றோரின் தொழிலைப் பழகுவதிலும் கழிக்க வேண்டும் என்று 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. பிள்ளையைப் பெற்றோரின் தொழிலோடு கட்டிப்போடும் கல்வியை எந்தப் பெயரில் கொணர்ந்தாலும் ஏற்க இயலாது. ஐ.டி.ஐ. பட்டறையிலோ நெசவாளியின் மகன் கடைசல் இயந்திரத்தின் முன்னும், விவசாயக் கூலியின் மகள் மின்கம்பியாள் பிரிவிலும் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்பவர் குலத்தொழிலை உடைப்பவர் என்பதைத் தமிழ்ச் சமூகம் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

ஃபிட்டர் என்னும் பொருத்துநர் பிரிவின் முதற்பாடம் பெரும்பாலும் அரம் போடுவதிலிருந்தே தொடங்குகிறது. வைஸ் எனப்படும் பிடிப்பானில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கி, அதன் மேற்பரப்பைச் சமதளமாக அராவ வேண்டும். பார்வைக்கு இதைவிட எளிய வேலை இல்லை. புதிய மாணவர் அராவினால் பரப்பு நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிந்தும் போய்விடும். ஏனெனில் அரத்தை முன்தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்த இடக்கையில் அழுத்தம் மிகுந்தும், நடுவில் இரு கைகளிலும் சமமாகவும், முடிவில் பிடியைப் பற்றிய வலக்கையில் மிகுந்தும் இருந்தால்தான் அரம் ஆடாமல் செல்லும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண்ணும் பெறலாம். ஆனாலும் கை கேட்காது. பயிற்றுநர் மாணவரின் பின்னால் நின்று, அவருடைய கைகளின்மேல் தம் கைகளை வைத்து நாலைந்து முறை தள்ளிக் காட்டி, பாதங்களின் இடைவெளியைத் திருத்தி, வைஸின் மேல்விளிம்பு முழங்கை உயரத்துக்கு வருமாறு காலடியில் பலகை போட்டு நிற்கவைத்தால், சில நாட்களில் ஏதோ ஒரு கணத்தில் அந்தச் சமன் உடலுக்குப் பிடிபடுகிறது. பிறகு மாணவரே மூலைமட்டத்தின் விளிம்பைப் பரப்பின்மீது வைத்து, சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்க்கத் தொடங்குகிறார்.

சொல்லால் முழுமையாக எடுத்துரைக்க முடியாத இத்தகைய அறிவை மைக்கேல் போலன்யி போன்ற அறிஞர்கள் உள்ளுறை அறிவு என்ற கருத்தால் விளக்கினர். தேர்ந்த பயிற்றுநரிடம் அது காதிலும் குடியிருக்கிறது. இருபது வைஸ்களில் ஒரே நேரத்தில் அரம் ஓடும் இரைச்சலுக்கிடையே, ஒரு மூலையிலிருந்து கிறீச்சென்ற ஓசை வந்தால், அங்கே ‘ஜாப்’ எனப்படும் வேலைத்துண்டு வைஸின் தாடைகளுக்குமேல் அதிகமாகத் துருத்திக்கொண்டு அதிர்கிறது என்று திரும்பிப் பாராமலே அவர் அறிவார். பரப்பில் ஆழமான கீறல் விழுந்திருந்தால், இரும்புத்துகள் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டது என்று கண்டு, கம்பித் தூரிகையால் துடைத்துச் சாக்பீஸ் தேய்க்கச் சொல்வார்.

பள்ளியில் பின்தங்கியவர் என்று முத்திரை குத்தப்பட்டு வரும் மாணவர்கள் இங்கே மிகுதி. பயிற்றுநரின் சொல்லைவிட வெர்னியர் காலிபரின் அளவுகோல் அவர்களிடம் நேர்மையாகப் பேசுகிறது. 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் அக்கருவி யாருடைய மகன், எத்தனை மதிப்பெண் என்று பாராது. ஒரு சதுரத் துண்டு அதற்கான குழியில் எப்பக்கம் திருப்பிப் போட்டாலும் ஆட்டமின்றி அமரும் நாளில் மாணவரின் தோரணையே மாறுவதைக் கண்ட பயிற்றுநர்கள், வேறு எந்தப் பணிக்கும் போக மனமில்லாதிருப்பதில் வியப்பில்லை.

இப்பணியின் உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. தொழில் தெரிந்தவரைக் கற்பிக்கத் தெரிந்தவராக ஆக்கக் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி என்னும் ஓராண்டுப் படிப்பு உண்டு. சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையம் அதை நடத்துகிறது. எனினும் ஒருமுறை தொழிற்சாலையை விட்டு வகுப்பறைக்கு வந்தவர், தொழிற்சாலை மாறிக்கொண்டே போவதை வெளியிலிருந்துதான் பார்க்க நேர்கிறது. தமிழக அரசு டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் தொழில் 4.0 மையங்களை அமைத்து, ரோபோக்களையும் கணினிவழி இயங்கும் இயந்திரங்களையும் நிறுவியிருப்பது பெரிய முயற்சி. ஆனால் இயந்திரத்தை வாங்குவதற்குச் செலவிடும் அக்கறை, அதன்முன் நிற்கும் ஆசிரியரின் கையைப் பழக்குவதிலும் வேண்டும். சில நாள் அறிமுக வகுப்பு அதற்குப் போதாது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பயிற்றுநர்களை முழு ஊதியத்துடன் சில மாதங்கள் உற்பத்திக்கூடத்துக்கு அனுப்பி, அங்கே பார்வையாளராக அல்லாமல் ஷிப்டில் நிற்கும் தொழிலாளியாகவே வேலை செய்ய வழிசெய்ய வேண்டும். அம்மாதங்களில் அவர்தம் பட்டறையை நடத்த மாற்றுப் பயிற்றுநர் பணியிடங்களையும் அரசு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.