அழாத பிள்ளை

அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று புகழ்வது நம் வீடுகளில் வழக்கம். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பிழை என்று உணர எனக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நம் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்று எண்ணியே, எங்கள் வீட்டுக் கதையை இங்கே எழுதத் துணிகிறேன்.

எங்கள் பூர்வீகம் செங்கோட்டை. என் கணவருக்குப் பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கர் வேலை கிடைத்தது. நாங்கள் மலையடிவாரத்தில், கல்லாற்றில் குடியேறினோம். பெயருக்கேற்றபடி உருண்டைக் கற்களின்மேல் ஓடும் ஆறு அது. அதற்கப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை மலையேறும். எனக்கும் அருகிலிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை அமைந்தது. 1988இல் எங்கள் மகள் பிறந்தாள். இருவரும் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்ப்பார் யார்? அவளுடைய பதினோராம் மாதத்தில் செங்கோட்டைக்குக் கொண்டுபோய் என் தாயாரிடம் விட்டோம். பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று பேருந்து செல்லும் அவ்வழி எனக்கு மனப்பாடம். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வருவேன்.

அவளுக்கு இரண்டரை வயதானபோது என் தாயார் அவளை அழைத்துக்கொண்டு கல்லாற்றுக்கு வந்தார். நான் கை நீட்டினேன். அவளோ ஆச்சியின் சேலைக்குப் பின்னே ஒளிந்தாள். என் தாயார் ஊர் திரும்பவேண்டிய நாள் வந்தது. "பிள்ளை விழித்திருந்தால் அழும், உறங்கும்போதே புறப்பட்டுவிடுங்கள், அம்மா" என்றனர் அண்டை வீட்டார். அதுவே சரி என்று எனக்கும் பட்டது. விடியுமுன் முதல் பேருந்தில் அவர் போய்விட்டார்.

மகள் விழித்தாள். அடுக்களை, பின்கட்டு, கிணற்றடி என்று ஒவ்வோர் இடமாகச் சென்று பார்த்தாள். "ஆச்சி" என்று இரண்டு முறை அழைத்தாள். பிறகு வாசற்படியில் போய் அமர்ந்தாள். அழவில்லை. "எவ்வளவு சமர்த்து!" என்று எல்லாரும் வியந்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் அதன்பின் பல மாதங்கள்வரை, ஆற்றங்கரைக் கல்லில் தடுக்கி விழுந்தாலும் அவள் என்னிடம் ஓடிவந்ததில்லை. தானே எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொள்வாள்.

அவள் வளர்ந்து திருவனந்தபுரத்தில் உளவியல் படித்தாள். 2010இல் ஒரு விடுமுறைக்கு வந்தவள், மேரி எய்ன்ஸ்வொர்த் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு விரிவாகச் சொன்னாள். 1913இல் அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் அவர். 1950இல் கணவரோடு இலண்டன் சென்றார். அங்கே நாளிதழ் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, ஜான் பௌல்பி என்ற மருத்துவரின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றியது அவ்வாய்வு. அக்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு படம் வெளியிட்டார். மருத்துவமனையில் எட்டு நாள் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் படம் அது. அவளும் பெரும்பாலும் அழுகையை அடக்கிக்கொண்டே இருந்தாள். அவ்வடக்கத்தின் அடியில் இருந்த துயரத்தையே அப்படம் உலகுக்குக் காட்டியது.

1954இல் கணவரின் வேலையை முன்னிட்டு எய்ன்ஸ்வொர்த் உகாண்டா நாட்டுக் கம்பாலாவுக்குச் சென்றார். நம்மைப்போல் அவரும் பிழைப்பின் பின்னே ஊர் ஊராகப் போனவரே. அந்நாட்டில், பால் மறக்கச் செய்யும் காலத்தில் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். அதை ஆராயவே விரும்பினார். போய்ப் பார்த்தால், அப்பழக்கம் பெரும்பாலும் மறைந்திருந்தது. ஆகவே, குழந்தைக்கும் தாய்க்கும் பிணைப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதையே ஆராயத் தொடங்கினார். 26 தாய்மாரின் வீடுகளுக்கு இரு வாரங்களுக்கு ஒரு முறை சென்று, திண்ணைப் பேச்சுபோல் அமர்ந்து கவனித்தார். தன் குழந்தையின் இயல்பை நுணுக்கமாக அறிந்து சொல்லக்கூடிய தாயின் பிள்ளையே அச்சமின்றித் தவழ்ந்து விளையாடியது என்று கண்டார். தாயிடம் மட்டுமன்றி, தந்தையிடமும் பாட்டியிடமும் பற்றுக்கொண்ட பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். இவற்றையெல்லாம் 1967இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களை ஓராண்டுக் காலம் கவனித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய 72 மணி நேரம்! தொடக்க மாதங்களில் அழுகைக்கு உடனே செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள், ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன. எடுத்து எடுத்துக் கெடுக்காதே என்று சொல்வோர் இதைச் சிந்திக்கவேண்டும். ஒரு வயதுக் குழந்தையை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த அறையில் விட்டு, தாய் சிறிது நேரம் வெளியே சென்று திரும்பும் சோதனையையும் அவர் வகுத்தார். தாய் போகும்போது அழுகிறதா என்பது அவருக்குப் பெரிதன்று. திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதே பெரிது. சில குழந்தைகள் அழவுமில்லை, தாயை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. பிற்காலத்தில் இத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். முகம் அமைதியாயிருந்தது, இதயமோ விரைந்து அடித்தது.

இதைச் சொல்லி முடித்த மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அம்மா, ஆச்சி போன அன்று நான் அழுதேனா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். பல்லாண்டுகளாகப் பெருமையோடு சொன்ன அச்சொல் அன்று என் தொண்டையில் முள்ளாய் நின்றது. அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். "பாட்டியிடம் விட்டது பிழையன்று, அம்மா. ஆச்சியும் எனக்குத் தாய்தான். அந்தத் தாய் சொல்லாமல் போனதே துன்பம்" என்றாள்.

இன்று அவள் துபாயில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு, அவளுடைய ஒன்றரை வயது மகனை மூன்று மாதம் எங்களிடம் விடவேண்டிய நெருக்கடி வந்தது. இம்முறை அறிந்து செய்தோம். மூன்று வாரம் அவளும் இங்கேயே தங்கினாள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் சிறிது சிறிதாக என் கைக்கு வந்தன. புறப்படும் நாளில், பட்டப்பகலில், பிள்ளையை மடியில் வைத்து, "அம்மா போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டே போனாள். அவன் கல்லாறு முழுவதும் கேட்கும்படி அழுதான். நான் அவனை இறக்கிவிடவில்லை. அவளுடைய பழைய சேலையொன்றை அவன் பாயில் விரித்தேன். அதைப் பற்றிக்கொண்டு உறங்கினான்.

மூன்று மாதம் கழித்து அவள் வந்தபோது, முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தாயின் தோளில் ஓங்கி அடித்தான். அவள் அதைத் தாங்கிக்கொண்டு, "ஆமாம், அம்மா போய்விட்டேன், உனக்குக் கோபந்தான்" என்றாள். அதன்பின்னரே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பிரிவு நம் வாழ்க்கையில் தவிர்க்க இயலாததாக இருக்கலாம். ஆயினும் சகோதரிகளே, பிள்ளை உறங்கும்போது புறப்படாதீர்கள். அது அழட்டும். அழுதால் எடுப்பதற்கு ஆள் உண்டு என்று நம்பும் பிள்ளையே அழுகிறது.