பனிமலையில் ஒரு கல்யாணம்... பாட்டிக்குக் கிடைத்த திருமணக் காட்சி!

கயிலையில் சிவன் - பார்வதி திருமணம். தேவர்களும் முனிவர்களும் ஒரே இடத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து, தெற்கு உயர்ந்தது. பூமியைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே போகச் சொன்னார் சிவன். ‘உலகமே பார்க்கும் கல்யாணத்தை நான் மட்டும் பார்க்க முடியாதா?’ என்று வருந்தியவருக்கு, ‘நீ இருக்கும் இடத்திலேயே காட்சி தருவேன்’ என்று வாக்களித்தார். வேதாரண்யத்திலும் பாபநாசத்திலும் அந்தக் கல்யாணக் கோலம் அவருக்குக் கிடைத்தது என்பது நம் ஊர்த் தல புராணம்.

உத்தராகண்ட் மாநிலத்தில், ரிஷிகேஷிலிருந்து கேதார்நாத் போகும் சாலையில், மந்தாகினி ஆற்றங்கரையில் ஓர் ஊர். பெயர், அகஸ்தியமுனி. நம் பொதிகை முனிவரின் பெயரேதான். அவருக்கு அங்கே கோயிலும் உண்டு. அந்த ஊரைத் தாண்டி மலையேறினால், சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்த இடம் என்று அந்தப் பகுதி மக்கள் கைகாட்டும் கிராமம் வரும். அதுதான் திரியுகி நாராயண்.

மூன்று யுகமாக எரியும் தீ

சோன்பிரயாக்கிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,980 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிட உயரம் குறைவுதான். ஆனால் இமயமலை என்பதால் தை, மாசியில் இங்கே பனி கொட்டும்.

கேதார்நாத் கோயிலின் சாயலில், கல்லால் கட்டிய சிறிய கோயில். உள்ளே இருப்பவர் நாராயணர். சிவன் கல்யாணம் நடந்த இடத்தில் பெருமாள் கோயிலா என்று கேட்டால், மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். பார்வதிக்கு அண்ணனாக நின்று கல்யாணத்தை நடத்திக் கொடுத்தவர் விஷ்ணு அல்லவா? மீனாட்சி திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் புறப்பட்டு வருவதும் அதே அண்ணன் உரிமையில்தான்.

கோயிலுக்குள் ஓர் அக்னி குண்டம். அகண்ட தூனி என்கிறார்கள். சிவன் - பார்வதி திருமணத்துக்குச் சாட்சியாக மூட்டிய தீ, மூன்று யுகங்களாக அணையாமல் எரிகிறது என்பது நம்பிக்கை. வருபவர்கள் ஒரு விறகுக் கட்டையைத் தீயில் சேர்த்துவிட்டு, சாம்பலை எடுத்துப் போகிறார்கள். அது வீட்டில் இருந்தால் தம்பதி ஒற்றுமையாக வாழ்வார்களாம். கோயிலுக்கு எதிரே உள்ள பிரம்ம சிலைதான் கல்யாணம் நடந்த சரியான இடம் என்கிறார்கள். ருத்ர குண்டம், விஷ்ணு குண்டம், பிரம்ம குண்டம், சரஸ்வதி குண்டம் என நான்கு தீர்த்தங்களும் உண்டு.

இந்தத் தீயின் முன்னால் கல்யாணம் செய்துகொள்ள நாட்டின் பல ஊர்களிலிருந்தும் ஜோடிகள் வருகிறார்கள். மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. சூரியன் தனுசு ராசியில் இருக்கும் அதே மாதத்தை அவர்கள் கர்மாஸ் என்று தள்ளி வைக்கிறார்கள். சங்கராந்தி பிறந்ததும் முகூர்த்தங்கள் ஆரம்பம். வசந்த பஞ்சமி என்றால் பஞ்சாங்கமே பார்க்க வேண்டாம் என்பார்கள்.

அப்படி ஒரு வசந்த பஞ்சமியில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டெல்லி. பெண், குப்தகாசிக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம். போட்டோ எடுக்க ரிஷிகேஷிலிருந்து ஒரு பெண் போட்டோகிராஃபர், உதவிக்கு ஒரு தம்பியுடன் முதல் நாளே வந்துவிட்டார்.

போர்வைக்குள் பேட்டரி

அன்று இரவு முழுக்கப் பனி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் எழுந்ததும் முதலில் தேடியது பேட்டரிகளை. ஆறு பேட்டரிகளையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்கியிருந்தார். கடுங்குளிரில் பேட்டரியின் சக்தி சட்டென்று இறங்கிவிடும். முழுசாக சார்ஜ் ஏற்றியதும் பாதியில் கைவிட்டுவிடும். அதனால் இரண்டை கேமராக்களில் போட்டார். மீதி நான்கும் ஸ்வெட்டரின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில்.

“தம்பி, வெளியிலிருந்து ரூமுக்குள்ள வந்ததும் கேமராவை வெளிய எடுக்காதே. பைக்குள்ளயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றார். குளிர்ந்த கண்ணாடியில் சூடான காற்று பட்டால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போலத்தான்.

மணப்பெண் இருந்த அறையில் அடுப்புக் கணப்பு. அத்தை ஒருவர் பெரிய வளைய மூக்குத்தியை மாட்டிக்கொண்டிருந்தார். நத் என்ற அந்த மூக்குத்தி இல்லாமல் கட்வால் பகுதியில் மணப்பெண் அலங்காரம் முழுமையாகாது. பெண்கள் மங்களப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை வளர்த்தவர் பாட்டி. எண்பது வயதைத் தாண்டியவர். காலையில் டாக்ஸியில் அழைத்து வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு போன் வந்தது. சோன்பிரயாக்கைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் டாக்ஸி நின்றுவிட்டது. மேலே பாதை முழுக்கப் பனி உறைந்து வழுக்குகிறது, வண்டி ஏறாது. மற்ற உறவினர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டியால் முடியாது. “நான் வீட்டுக்குத் திரும்பிடறேன். நீ அழுது மையைக் கலைச்சுக்காதே” என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

மை கலையத்தான் செய்தது. போட்டோகிராஃபர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளையும் சிவப்பும்

வட இந்தியாவில் பெரும்பாலும் இரவில்தான் கல்யாணம். பனிக்காலத்தில் இங்கே பகலில் முடித்துவிடுவது எல்லோருக்கும் வசதி. மலைகளுக்கு நடுவே இருப்பதால் வெயில் தாமதமாக வரும், சீக்கிரம் போய்விடும். சூரியன் மறைய ஆறு மணி ஆகலாம். ஆனால் மூன்று மணிக்கெல்லாம் அது மேற்கு மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

தோல், தமாவ் மேளங்கள் முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. கூடவே மஷக்பீன் என்ற பை வாத்தியம். ஆங்கிலேயர் கால ராணுவ பேண்டிலிருந்து இந்த மலைக் கல்யாணங்களுக்குள் வந்து, இங்கேயே தங்கிவிட்ட வாத்தியம் அது.

பனியில் போட்டோ எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று கேமரா தானாகக் குறைத்துவிடும். பனி சாம்பல் நிறமாகவும், முகங்கள் இருட்டாகவும் விழும். அதனால் வெளிச்சத்தை ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டி வைக்க வேண்டும். செல்போனில் எடுப்பவர்களும் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை லேசாக மேலே ஏற்றினால் போதும். அன்று மணப்பெண்ணின் சிவப்பு லெஹங்கா, கோயிலின் கருங்கல், கூரையில் படிந்த பனி மூன்றும் அதனதன் நிறத்தில் படமாக விழுந்தன.

கோயில் முற்றத்தில் ஹோமம். பெண்ணின் தம்பி, அக்காவின் கையில் பொரியை அள்ளிப் போட்டான். நம் கல்யாணங்களில் நடக்கும் அதே பொரியிடல். அண்ணன் தம்பி செய்ய வேண்டிய அந்தச் சடங்கை, பார்வதிக்கு அண்ணனாக நின்ற பெருமாளின் வாசலிலேயே செய்தான் அந்தப் பையன். அக்னியை வலம் வந்து, தூனியில் விறகு சேர்த்து வணங்கி வெளியே வரும்போது மணி ஒன்று.

பட்டியலா, பாட்டியா?

போட்டோகிராஃபர் கையில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டியல் இருந்தது. தேவதாரு மரங்களுக்கு நடுவே ஜோடி, பனியை வாரி இறைக்கும் ஜோடி, மேலிருந்து டிரோன் காட்சி என்று பன்னிரண்டு படங்கள். அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. இருக்கும் வெயில் இரண்டு மணி நேரம். பட்டியலுக்கு அது சரியாக இருக்கும்.

மணப்பெண் அருகில் வந்து, “தீதி, இப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள பாட்டியைப் பார்த்துடலாம் இல்லையா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எப்படியும் டெல்லிக்குப் போகிற வழியில்தான் அந்தக் கிராமம். ஆனால் டாக்ஸி நிற்கும் இடம் வரை பனியில் நடக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மணி நேரப் பயணம். ஜோடிப் படங்கள் எடுத்துவிட்டுக் கிளம்பினால் இருட்டிவிடும். பனி உறைந்த மலைப்பாதையில் இருட்டில் வண்டி ஓட்ட எந்த டிரைவரும் சம்மதிக்க மாட்டார். அப்புறம் மறுநாள் காலையில் நேரே டெல்லிதான்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. “இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? பனியில ஒரு படம்கூட இல்லாம எப்படி?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

போட்டோகிராஃபர் சொன்னார்: “அம்மா, பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க. எடுக்காத படத்துக்கு நான் வாங்க மாட்டேன். பனி அடுத்த வருஷமும் விழும். அந்தப் பாட்டியை நினைச்சுப் பாருங்க.”

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மணப்பெண்ணிடம் தன் குளிர் கோட்டைக் கொடுத்தார். “போகலாம்” என்றார்.

நடந்துகொண்டேதான் படங்கள் எடுத்தார்கள். வழுக்கும் இடத்தில் மாப்பிள்ளை கை நீட்ட, லெஹங்காவை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தாவினாள். ஒரு வளைவில் மாமியார் சறுக்கி உட்கார்ந்துவிட, மருமகள் ஓடிப்போய்த் தூக்கினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பட்டியலில் இல்லாதது.

பாட்டியின் கையில் கேமரா

கிராமத்தை அடைந்தபோது நாலரை மணி. பலகைக்கல் கூரை வேய்ந்த வீடு. வசந்த பஞ்சமி என்பதால் வாசல் நிலையில் சாணம் வைத்து, அதில் பச்சை பார்லி நாற்றைச் செருகியிருந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் அது. அடுப்படியில் அர்ஸா தயாராக இருந்தது. அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துச் சுடும் பலகாரம். நம் அதிரசத்தை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும்.

பேத்தியைக் கண்டதும் பாட்டி அழவில்லை. உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். மூக்குத்தியைத் தொட்டுச் சரிசெய்தார். பிறகு, “எப்படி நடந்தது? யார் பொரி போட்டது? தீயை எப்படிச் சுத்தினீங்க?” என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

வாயால் சொல்லி முடியவில்லை. போட்டோகிராஃபர் பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேமராவை அவர் கையில் கொடுத்தார். பின்னால் இருக்கும் சின்னத் திரையில் காலையிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஊர்வலம், ஹோமம், பேரன் கையில் பொரி, கோயில் வாசல்... பாட்டி ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். நடுவில் பேட்டரி தீர்ந்தது. உள்பாக்கெட்டிலிருந்த கடைசி பேட்டரியைப் போட்டுத் தொடர்ந்தார்கள்.

“என் கல்யாணமும் இதே மாதிரி பனிக்காலத்துலதான். அப்போ படம் எடுக்க யாரும் இல்லை” என்றார் பாட்டி.

அந்த நேரத்தைப் படமாக எடுக்க உதவியாளர் தம்பி இரண்டாவது கேமராவைத் தூக்கினான். அவசரத்தில், காலையில் சொன்ன பாடத்தை மறந்துவிட்டான். கணப்புச் சூட்டில் லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்க மங்கியது. பாட்டி தன் பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்த அந்தக் காட்சிக்குப் படமே இல்லை.

லென்ஸ் தெளிந்த பிறகு, கடைசி வெளிச்சத்தில் வாசலில் ஒரு படம் எடுத்தார்கள். நடுவில் பாட்டி, இரு பக்கமும் மணமக்கள், பின்னால் மாமியார், தலைக்கு மேலே பார்லி நாற்று. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர், மாப்பிள்ளையின் அம்மா.

போக நினைப்பவர்களுக்கு...

* ரயிலில் ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ், விமானத்தில் டேராடூன். ரிஷிகேஷிலிருந்து தேவபிரயாக், ருத்ரபிரயாக், அகஸ்தியமுனி, குப்தகாசி வழியாக சோன்பிரயாக் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் ஆகும்.

* கேதார்நாத் கோயில் தீபாவளியை ஒட்டி வரும் பாய் தூஜ் நாளில் மூடப்படும். குளிர்காலம் முழுக்க உற்சவர் உக்கிமட் ஓம்காரேஸ்வரர் கோயிலில் இருப்பார். திரியுகி நாராயணுடன் அதையும் சேர்த்துத் தரிசிக்கலாம். பாணாசுரன் மகள் உஷைக்கும் கிருஷ்ணரின் பேரன் அநிருத்தனுக்கும் கல்யாணம் நடந்த ஊர் அது என்பார்கள்.

* பனிக்காலத்தில் வயதானவர்களை அழைத்துப் போனால், முதல் நாளே மேலே போய்த் தங்கிவிடுங்கள். காலையில் பாதை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

* வழுக்காத ஷூ, கம்பளிக் காலுறை, கையுறை அவசியம். செல்போனையும் சட்டையின் உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் அதன் சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

* கோயிலுக்குள் படம் எடுக்கும் முன் பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீயில் சேர்க்க ஒரு விறகுக் கட்டையும், சாம்பல் எடுத்துவர ஒரு சின்ன டப்பாவும் மறக்காதீர்கள்.